ஈர வண்டலில் செருப்புத் தடம்: படம் எடுக்க உதவுங்கள்

திருவையாறு பக்கம் எங்கள் போர்செட்டில் நேற்று ராத்திரி மோட்டார் கேபிளை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். புகார் கொடுத்தாச்சு, நாளைக் காலையில்தான் வந்து பார்ப்பார்களாம். கொட்டகை வாசல் வண்டலில் ஒரு செருப்புத் தடம் இருக்கிறது. குதிகால் தேய்ந்து, ஓரத்தில் ஒரு வெட்டு. அன்னக்கூடையால் மூடியிருக்கிறோம், ஆனால் மேகம் கட்டுகிறது.

கேமரா கேனான் 1500டி, 18-55 லென்ஸ். ட்ரைபாடில் நேர் கீழே பார்க்க வைத்து, ஸ்கேல் போட்டு எடுத்தேன். கேமரா ஃபிளாஷில் எல்லாம் தட்டையாகிவிட்டது. அப்புறம் டார்ச்சைத் தரையோடு சாய்த்து நாலு பக்கமும் அடித்தேன். கோடுகள் எழும்பி வருகின்றன, ஆனால் குதிகாலில் தேங்கிய நீர் பளபளத்து அந்த வெட்டையே மறைக்கிறது. நீரை ஒற்றி எடுத்தால் தடம் கலைந்துவிடும்.

தடத்தைத் தொடாமல் அந்தப் பளபளப்பை அடக்க போலரைசிங் ஃபில்டர் போடுவதா, வெளிச்சத்தின் கோணத்தை மாற்றுவதா?