கோடை விடுமுறையில் சிறு பிள்ளைகளோடு செய்யக்கூடிய எளிய கைவேலைகள் எவை?

கேட்டவர்: உறையூர்வாசி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் ஏழு வயதுப் பையனும் நான்கு வயதுப் பெண்ணும் இருக்கிறார்கள். திருச்சியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் தளத்தில் வசிக்கிறோம். மே 4 அன்று அக்னி நட்சத்திரம் தொடங்கியதிலிருந்து காலை பதினொரு மணிக்கு மேல் பிள்ளைகளை வெளியே அனுப்ப முடிவதில்லை. மாலை ஐந்து மணி வரை அவர்களைக் கைபேசியிலிருந்து விலக்கி வைப்பதே பெரும்பாடாக இருக்கிறது.

சென்ற வாரம் அறுநூறு ரூபாய் கொடுத்து ஒரு கைவேலைப் பெட்டி வாங்கினேன். அதில் எல்லாமே முன்கூட்டியே வெட்டி, துளையிட்டு, வண்ணம் பூசி வைக்கப்பட்டிருந்ததால், பிள்ளைகளுக்கு ஒட்டுவதைத் தவிர வேறு வேலை இருக்கவில்லை. பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. காணொளிகளைப் பார்த்துச் செய்யலாம் என்றால், அவற்றில் சூடான பசைத் துப்பாக்கியும் கூர்மையான கத்தியும் இல்லாமல் எதுவும் நடப்பதில்லை. நான் ஒரு மணி நேரம் குனிந்து உட்கார்ந்து செய்ய, பிள்ளைகள் வேடிக்கை பார்த்துவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள்.

வீட்டிலேயே கிடைக்கும் பொருள்களைக் கொண்டு, இருவரும் தம் கையால் பெரும்பகுதியைச் செய்யக்கூடிய வேலைகள் இருந்தால் சொல்லுங்கள். அழகாக வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பொழுது போக வேண்டும். கை அழுக்கானாலும் பரவாயில்லை.

பதில் 1: பழைய ஆசிரியை

கை அழுக்கானாலும் பரவாயில்லை என்று நீங்களே சொல்லிவிட்டதால் எனக்கு வேலை எளிதாகிவிட்டது. முப்பது ஆண்டுகள் தொடக்கப்பள்ளியில் இருந்தவள் என்ற முறையில் ஒன்றை மட்டும் முதலில் சொல்கிறேன்: நான்கு வயதுக்கும் ஏழு வயதுக்கும் ஒரே வேலையைக் கொடுத்தால் ஒன்று சிறியவள் அழுவாள், அல்லது பெரியவன் சலித்துக்கொள்வான். கிழிப்பது, ஊறவைப்பது, பிசைவது, தட்டுவது ஆகியவை சிறியவளுக்கு. அளப்பது, மடிப்பது, கத்தரிப்பது ஆகியவை பெரியவனுக்கு என்று ஒரே வேலையைப் பங்கிட்டுக் கொடுங்கள்.

அப்படிப் பங்கிடுவதற்கு மிகவும் ஏற்றது நம் பாட்டிமார் செய்துவந்த காகிதக் கூழ்க் கிண்ணம். மூங்கில் முறத்தின் இடுக்குகளை அடைப்பதற்காகக் காகிதத்தையும் வெந்தயத்தையும் அரைத்து மெழுகிய வீடுகள் உங்களுக்கும் நினைவிருக்கலாம், அதே கூழ்தான். பழைய செய்தித்தாளைத் தபால்தலை அளவுக்குக் கிழிக்க வேண்டும். இந்த ஒரு வேலையே நான்கு வயதுப் பிள்ளையை முக்கால் மணி நேரம் உட்கார வைக்கும், ஏனென்றால் காகிதத்தைக் கிழிக்கப் பெரியவர்கள் அனுமதிப்பது அபூர்வம். கிழித்ததை ஓர் இரவு முழுவதும் நீரில் ஊறவையுங்கள். இரண்டு மூன்று தேக்கரண்டி வெந்தயத்தைத் தனியாக ஊறவையுங்கள். மறுநாள் காகிதத்தைப் பிழிந்து, வெந்தயத்தோடு சேர்த்து, சிறிது சிறிதாக நீங்கள் மிக்சியில் அரைத்துக் கொடுக்க வேண்டும். ஒரேயடியாகப் போட்டால் மிக்சி சூடாகி நின்றுவிடும். வெந்தயத்தின் வழவழப்பு பசையாக வேலை செய்கிறது, அதன் கசப்புக்குப் பூச்சியும் எளிதில் அண்டாது என்பார்கள்.

ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன்மேல் ஈரத்துணியை விரித்து, கூழை அரை விரல் கனத்துக்குப் பிள்ளைகள் தட்டித் தட்டி அப்பலாம். இரண்டு நாள் வெயிலில் வைத்து, பாதி காய்ந்ததும் கிண்ணத்தை உருவி எடுத்துவிட்டு, உட்புறத்தையும் காயவிடுங்கள். இந்த வெயில் எதற்கும் பயன்படாவிட்டாலும் இதற்குப் பயன்படும். பூண்டு, சின்ன வெங்காயம், வண்ணப் பென்சில்கள் என்று உலர்ந்த பொருள்களைப் போட்டு வைக்கலாம். நீர் பட்டால் ஊறிவிடும் என்பதைப் பையனிடம் சொல்லி வையுங்கள், இல்லையெனில் முதல் நாளே மீன் வளர்க்கத் தொடங்கிவிடுவான்.

கூழ் காய்கிற இரண்டு நாளும் சும்மா இருக்க வேண்டாம் என்பதற்காக இன்னொன்று. மஞ்சள்தூளைச் சிறிது நீரில் குழைத்து வெள்ளைத் தாள் முழுவதும் பூசிக் காயவிடுங்கள். பிறகு துணி சோப்பைக் கரைத்த நீரில் பஞ்சு சுற்றிய குச்சியைத் தொட்டு அந்தத் தாளில் வரையச் சொல்லுங்கள். கோடு போட்ட இடமெல்லாம் செக்கச்செவேலென்று மாறும். ஆரத்தி நீரில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவப்பதற்கும் இதுவே காரணம்: மஞ்சளின் நிறப்பொருள் காரத்தைச் சந்தித்தால் சிவக்கும். எலுமிச்சைச் சாற்றைத் தொட்டு அதே கோட்டின்மேல் இழுத்தால் மீண்டும் மஞ்சளாகிவிடும். என் வகுப்பில் பிள்ளைகள் இதை அழிரப்பர் என்றே அழைத்தார்கள். வரைந்த படத்தை வெயில்படும் இடத்தில் ஒட்டினால் மஞ்சள் விரைவில் வெளுத்துவிடும், ஆகவே உள்ளறைச் சுவரே நல்லது.

பதில் 2: தேரிக்காட்டான்

ஆசிரியை அம்மா சொன்னவை அருமையானவை. ஆனால் ஏழு வயதுப் பையனுக்குக் கிண்ணம் செய்து முடித்தபின் அதை வைத்து என்ன செய்வது என்ற கேள்வி வரும். ஓட வேண்டும், ஊத வேண்டும், சுழல வேண்டும்; அப்படிப்பட்ட பொருளாக இருந்தால்தான் செய்து முடித்தபின் விளையாட்டு தொடங்கும். இது நுங்குக் காலம் என்பதால் நுங்கு வண்டியைச் சொல்கிறேன்.

மாடி வீட்டில் பனைமரத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். சாலையோரம் நுங்கு விற்பவரிடம் சுளையாக வாங்காமல், தலையை மட்டும் சீவிய முழுக் காய்களாக இரண்டு கேளுங்கள். கட்டைவிரலால் நோண்டித் தின்பது ஒரு தனிச் சுகம். பெரும்பாலும் காய்க்கு மூன்று கண்கள் இருக்கும், பிள்ளைகளுக்குள் பங்கு பிரிப்பதில் சண்டை வரும், அதற்கு நான் பொறுப்பல்ல. தின்று முடித்த இரண்டு கோந்தைகளையும் ஒரு முழ நீளக் குச்சியின் இரு முனைகளிலும் குத்திச் செருகினால் அச்சும் சக்கரமும் தயார். கவட்டையாகப் பிரிந்த நீளமான கம்பு ஒன்றை எடுத்து, அந்தக் கவட்டையை அச்சின் நடுவில் வைத்துத் தள்ளினால் வண்டி ஓடும். குச்சியின் முனையைச் சீவுவதும் கோந்தையில் குத்துவதும் பெரியவர் வேலை. கம்பைத் தேடிக் கொண்டுவருவதும் கோந்தையைத் தேர்ந்தெடுப்பதும் பிள்ளைகள் வேலை. இரண்டு கோந்தையும் ஒரே பருமனாக இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகும். ஏன் என்று நீங்கள் சொல்லாதீர்கள், அவனே கண்டுபிடித்து மறுநாள் நுங்குக்காரரிடம் காய்களைத் தூக்கிப் பார்த்து வாங்குவான். பனங்காயின் துவர்ப்புக் கறை துணியில் பட்டால் போகாது, பழைய சட்டையைப் போட்டு அனுப்புங்கள்.

உங்கள் பகுதியில் பூவரச மரம் ஒன்றாவது இருக்கும். அதன் இலையைக் காம்பு நீக்கிச் சுருட்டி, ஒரு முனையை இலேசாக நசுக்கி ஊதினால் பீப்பி. நான்கு வயதுப் பெண்ணுக்கு இதைவிட எளிதான வேலை கிடையாது; அக்கம்பக்கத்தார் பொறுமை எவ்வளவு என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பூவரசங்காயைக் காம்போடு பறித்தால் அதுவே பம்பரமாகச் சுழலும், எதையும் வெட்டவோ ஒட்டவோ தேவையில்லை.

ஓலைக் காற்றாடியும் சொல்லலாம்: இரண்டு ஓலைத் துண்டுகளை ஒன்றுக்குள் ஒன்று மடித்துக் கோத்து, நான்கு இறக்கை நிற்கும்படி செய்து, நடுவில் கருவேல முள்ளைக் குத்திச் சோளத்தட்டையில் செருகிக்கொண்டு காற்றை எதிர்த்து ஓடுவோம். ஓலை கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பதை நகரத்தார் யாராவது சொல்லட்டும்.

பதில் 3: செவிலியர் ஒருவர்

குழந்தைகள் பிரிவில் பணியாற்றுபவள் என்பதால் சில எச்சரிக்கைகளைச் சொல்லியாக வேண்டும். களிமண் பொம்மைக்குக் கண் வைக்கக் குன்றிமணியைக் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. பிள்ளையார் பொம்மைக்கு அது அழகுதான், ஆனால் அந்த விதை கொடிய நஞ்சு. கடித்து மென்றால் உயிருக்கே ஆபத்து. அதற்குப் பதிலாக மிளகை வையுங்கள். அரளியின் பூ, இலை, விதை எதையும் கைவேலைக்குக் கொடுக்க வேண்டாம். மைதாவைக் காய்ச்சிப் பசை செய்வோர், சுவரொட்டி ஒட்டுபவர்கள் சேர்ப்பதைப்போல மயில்துத்தத்தைச் சேர்க்கக் கூடாது. அன்றன்று காய்ச்சி மீந்ததைக் கொட்டிவிடுங்கள். மஞ்சள் படத்துக்கு ஆசிரியை அம்மா சோப்பு நீரைச் சொன்னது சரி. சிவப்பு இன்னும் நன்றாக வரும் என்று யாரும் வெற்றிலைச் சுண்ணாம்பைக் கொடுத்துவிட வேண்டாம், கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுத்துவிடும்.

காற்றாடிக்கு முள் குத்துவதை நான் ஏற்கமாட்டேன். அனுபவம் உள்ள கைக்குச் சரி, நான்கு வயதுப் பிள்ளை அதை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு ஓடும்போது தடுக்கி விழுந்தால் என்ன ஆகும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

பதில் 4: மயிலாப்பூர் மாடி வீடு

நகரத்தாரைக் கேட்டதால் வருகிறேன். ஓலைக்கு மாற்றாக எங்கள் வீட்டில் பயன்படுவது பழைய கல்யாணப் பத்திரிகை. கெட்டியாகவும் வழவழப்பாகவும் இருப்பதால் காற்றாடி இறக்கைக்கு அதைவிட நல்ல தாள் கிடையாது. முள்ளுக்குப் பதிலாகத் தென்னை ஈர்க்கைக் குத்தி, வெளியே நீட்டும் முனையில் ஒரு சிறு களிமண் உருண்டையை ஒட்டிவிட்டால் செவிலியர் அம்மாவின் அச்சமும் தீரும். நாள்காட்டியில் தினமும் கிழிக்கும் தாள்களைச் சேர்த்து வைத்தால் கப்பல்களுக்கு ஆகும். மடிப்பதற்கு முன் தாளின்மேல் மெழுகுவத்தியைத் தேய்த்துவிட்டால் கப்பல் தொட்டியில் வெகுநேரம் மிதக்கும்.

இரண்டு பங்கு மைதா, ஒரு பங்கு தூள் உப்பு, ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக நீர் சேர்த்துப் பிசைந்தால் பொம்மை மாவு கிடைக்கும். முறுக்கு அச்சைக் கையில் கொடுத்துவிடுங்கள், பொம்மைகளுக்கு வேண்டிய தலைமுடி முழுவதும் அதிலிருந்து வந்துவிடும். கடற்கரை ஊரில் இருப்பதால் எங்கள் பொம்மைகள் காய்ந்த பிறகும் உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டு வியர்த்துவிடுகின்றன. திருச்சியின் வறண்ட வெயிலில் உங்களுக்கு அந்தத் தொல்லை இவ்வளவு இருக்காது.

கேட்டவரின் மறுமொழி: உறையூர்வாசி

எல்லோருக்கும் நன்றி. ஒரு வாரமாக நடந்ததைச் சொல்கிறேன். மஞ்சள் படம் எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்தது. பையன் எலுமிச்சைச் சாற்றால் தங்கையின் படத்தை அழித்ததில் ஒரு நாள் பேச்சுவார்த்தை முறிந்ததைத் தவிர வேறு சேதம் இல்லை. நுங்கு வண்டி மூன்றாம் தளத்தின் நடைக்கூடத்தில் ஓடுகிறது, கீழ்வீட்டார் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. காகிதக் கிண்ணத்தில்தான் தோற்றேன். ஈரத்துணி விரிக்க மறந்ததால் கூழ் எவர்சில்வர் கிண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. இரண்டாம் முறை துணி விரித்துச் செய்தபோது, மூன்றாம் நாள் புளித்த வாடை வந்து உட்புறத்தில் பூசணம் பிடித்துவிட்டது. எங்கே தவறு?

பதில் 5: பழைய ஆசிரியை

கூழில் நீர் மிகுந்திருக்கிறது, கனமும் மிகுந்திருக்கிறது என்று நினைக்கிறேன். அரைத்த பிறகு கூழை ஒரு வேட்டித் துணியில் கட்டி, இறுக்கிப் பிழிந்து, சப்பாத்தி மாவின் பதத்துக்குக் கொண்டுவந்த பிறகே அப்ப வேண்டும். பிள்ளைகள் ஒரே இடத்தில் குவித்து அப்பும் வழக்கமுள்ளவர்கள், ஆகவே அடிப்பகுதியை நீங்கள் விரலால் அழுத்திப் பாருங்கள். அங்குதான் கனம் சேரும், அங்குதான் பூசணமும் தொடங்கும். பால்கனி நிழலில் வைத்திருந்தால் போதாது, மொட்டை மாடியில் நேர் வெயிலில் காலை எட்டு மணிக்கே வைத்துவிடுங்கள். கிண்ணத்தை உருவி எடுப்பதை மறுநாள் வரை தள்ளிப்போடாமல், மேற்புறம் தொட்டால் ஒட்டாத நிலை வந்த உடனே, அன்று மாலையே கூட எடுத்துவிடலாம். உருவம் சற்றுக் கோணினால் கோணட்டும். பூசணம் பிடித்ததைக் காயவைத்துக் காப்பாற்ற முயல வேண்டாம், எறிந்துவிடுங்கள். கிழிப்பதற்குச் செய்தித்தாள் இருக்கிறது, கிழிக்க ஆளும் இருக்கிறாள்.