கிளிங்கர் கட்டுக்குத் தமிழ்ச்சொல்: ‘ஏறுவிளிம்பு’ என்று முன்மொழிகிறேன்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

டென்மார்க்கின் ரொஸ்கில்ட வைக்கிங் கப்பல் அருங்காட்சியகத்துக்கு மரப்படகுப் பிரியர்கள் சிலரோடு போய்வந்த செய்தியை முன்பே எழுதியிருந்தேன். அங்கே கண்டதை மட்டக்களப்புப் பிள்ளைகளுக்குப் படங்களோடு விளக்கப் பலகைகளாக எழுதித் தரும் வேலையில் இருக்கிறேன். முதற் பலகையிலேயே ‘கிளிங்கர்’ என்ற சொல் வந்து நிற்கிறது. ஒரு பலகையின் விளிம்பு அடுத்ததன்மேல் ஏறிக்கிடக்கும்படி மரக்கப்பல் கட்டும் முறைக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர் அது. கல்முனை ஐயா, அக்கரைப்பற்று டீச்சர், ஆரையம்பதித் தம்பி மூவரும் அதற்கு ஆளுக்கொரு தமிழ்ச்சொல் தந்தீர்கள். மூன்றையும் அந்தக் கப்பல்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபிறகு இதை எழுதுகிறேன்.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். படங்களை எல்லோரும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

அங்கே ஐந்து கப்பல்கள் இருக்கின்றன. ரொஸ்கில்ட நகருக்குக் கடல்வழியே பகைவர் வராமல் தடுக்க, 11ஆம் நூற்றாண்டில் ஸ்குல்டெலேவ் என்ற ஊருக்கு அருகே கல்லை நிரப்பி வேண்டுமென்றே மூழ்கடித்தவை. 1962இல் சுற்றிவர அணைகட்டி, நீரை இறைத்துவிட்டு, துண்டு துண்டாக எடுத்தார்கள். 1969இல் அருங்காட்சியகம் திறந்தது. மிகப் பெரியது ஏறத்தாழ 30 மீற்றர் நீளமான போர்க்கப்பல். அதன் ஓக் மரம் அயர்லாந்தில் வளர்ந்தது, 1042ஆம் ஆண்டளவில் டப்ளினில் கட்டப்பட்டது என்று மரத்தின் வளையங்களை வைத்தே கண்டுபிடித்திருக்கிறார்கள். அதே அளவில் புதிதாகக் கட்டிய கப்பல் 2007இல் ரொஸ்கில்டவிலிருந்து டப்ளினுக்குப் பாய்விரித்துப் போய்ச் சேர்ந்தது.

அந்தக் கப்பற் பலகைகளின் அருகே நின்று பார்க்கவேண்டும். மரமறுக்கும் வாளால் அறுத்தவை அல்ல. அடிமரத்தை நடுவிலிருந்து ஆரைவழியே ஆப்பு வைத்துப் பிளந்து, கோடரியால் செதுக்கியவை. நார் எங்கும் அறுபடாததால் பலகை மெல்லியதாக இருந்தும் உறுதி குறையவில்லை. கப்பலின் முதுகெலும்பான ஏராவின் இருபக்கமும் முதற் பலகையைப் பொருத்துகிறார்கள். அடுத்த பலகையின் கீழ்விளிம்பு, முன்னைய பலகையின் மேல்விளிம்பை வெளிப்பக்கத்தால் மூடிக்கொண்டு ஏறிக்கிடக்கும். கிடுகு வேயும்போது மேல்வரிசை கீழ்வரிசைமேல் விழுகிறதே, அதே திசை. இரண்டும் சேரும் இடத்தில் தார் தோய்த்த கம்பளி நூலை வைத்து, வெளியிலிருந்து இரும்பாணி அடித்து, உட்பக்கம் ஒரு சிறிய இரும்புத் தகட்டைக் கோத்து, ஆணி நுனியை அதன்மேல் மடக்கி அறைகிறார்கள். இப்படிப் பலகைகள் சில வரிசை எழும்பிய பிறகுதான் உள்ளே வங்குகளை வைக்கிறார்கள். வங்கு என்றால் கப்பலின் விலா எலும்பு. இந்தச் சொல் நம்மிடம் முன்பே இருப்பது நல்ல காலம்.

ஆக, கிளிங்கர் என்று அவர்கள் ஒரே மூச்சில் சொல்வதற்குள் மூன்று செய்திகள் இருக்கின்றன. விளிம்பு எப்படி இருக்கிறது, எதால் பிணைத்திருக்கிறது, பலகை முந்தியதா வங்கு முந்தியதா. நாம் சொல் ஆக்கும்போது இவற்றில் ஒன்றைத்தான் பெயரில் வைக்கவேண்டும் என்பது என் கருத்து. அந்த ஒன்று விளிம்புதான். ஏன் என்பதை உங்கள் சொற்களை வைத்தே சொல்கிறேன்.

ஆரையம்பதித் தம்பி ‘ஆணிக்கட்டு’ என்றார். ஆங்கிலச் சொல்லே ஆணியை மடக்கி அறைவதிலிருந்து வந்தது என்பது அவர் வாதம். அது சரிதான். ஆனால் கோப்பன்ஹேகன் தேசிய அருங்காட்சியகத்தில் யோர்ட்ஸ்ப்ரிங் படகு இருக்கிறது. 1921–22இல் அல்ஸ் தீவின் சதுப்பில் தோண்டி எடுத்தது, கி.மு. 4ஆம் நூற்றாண்டளவினது. அதிலும் பலகை பலகைமேல் ஏறிக்கிடக்கிறது. ஆணி ஒன்றுகூட இல்லை, முழுக்க நாரால் தைத்திருக்கிறார்கள். ஆணிக்கட்டு என்ற பெயர் இந்தப் படகை வெளியே தள்ளிவிடும். ஏறிக்கிடக்கும் படகுகளின் மூத்த சான்றுகளில் ஒன்றை விட்டுவிடும் சொல் நமக்கு வேண்டாம், தம்பி.

அக்கரைப்பற்று டீச்சரின் ‘செதில்கட்டு’ கேட்டவுடன் பிடித்துவிட்டது. பிள்ளைகளுக்கு உடனே கண்முன் வரும். ஆனாலும் மீனின் செதில் தலையிலிருந்து வாலை நோக்கிப் படிகிறது. கப்பற் பலகையோ முன்னணியத்திலிருந்து பின்னணியம் வரை நீளமாக ஓடி, மேலிருந்து கீழ்நோக்கிப் படிகிறது. செதிலை மனதில் வைத்த பிள்ளை சிறுசிறு துண்டுகளாகத்தான் வரையும். விளக்கத்தில் உவமையாக எழுதலாம், பெயராக வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கல்முனை ஐயாவின் ‘மேற்பொருந்துகைக் கட்டு’ இலக்கண சுத்தமானது. ஒரு தடை மட்டும். நம் உயர்தர பௌதிகவியல் புத்தகத்தில் அலைகளின் மேற்பொருந்துகை என்று பிள்ளைகள் படிக்கிறார்கள். அங்கே இரண்டு அலை ஒரே இடத்தில் ஒன்றாகிறது. இங்கே பலகையின் ஓரம் மட்டும், அதுவும் ஓரிரு அங்குலம்தான், ஏறுகிறது. ஒரே சொல் இரண்டு வேலை செய்தால் மாணவர் தடுமாறுவார்.

அதனால் ‘ஏறுவிளிம்பு’. ஏறுமுகம், ஏறுவெயில் என்று புழங்கும் வாய்க்கு இது புதிதல்ல. விளிம்பு ஏறியிருக்கிறது என்பதற்குமேல் எதையும் இது சொல்வதில்லை. அந்தச் சிக்கனம்தான் எனக்குப் பிடித்தது. இதன் மறுபாதியும் உடனே கிடைக்கிறது. விளிம்போடு விளிம்பு முட்டி, வெளிப்புறம் மழமழவென்று இருக்கும் கார்வெல் வகையை ‘முட்டுவிளிம்பு’ எனலாம். அந்த இடைவெளியில் பஞ்சும் குங்கிலியமும் வைத்து அடைப்பதற்குக் கலப்பற்று என்ற சொல் ஏற்கெனவே உண்டு.

இங்கேதான் நம் கடலைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். ஐரோப்பியர் எழுதும் புத்தகங்களில் கிளிங்கர், கார்வெல் என்று இரண்டாகப் பிரித்தால் அவர்களுக்குப் பெரும்பாலும் போதும். இந்து சமுத்திரத்துக்குப் போதாது. ஓமானில் கட்டி 2010இல் காலித் துறைமுகம் வழியாகச் சிங்கப்பூருக்குப் போன ‘மஸ்கட்டின் மணி’ என்ற கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். 9ஆம் நூற்றாண்டில் பெலிதுங் தீவருகே மூழ்கிய கப்பலை மாதிரியாக வைத்துக் கட்டியது. அதன் பலகைகள் முட்டுவிளிம்புதான். ஆனால் ஆணி கிடையாது, தென்னந் தும்புக் கயிற்றால் தைத்தது. பலகை எழுந்த பிறகே வங்கு. கார்வெல் என்றால் வங்கை முதலில் நிறுத்திப் பலகையை அதில் அறைவது என்றுதான் பொதுவாகப் பொருள் கொள்கிறார்கள். அப்படியானால் இந்தக் கப்பல் எந்தப் பெட்டிக்குள்ளும் அடங்காது. சென்னைக் கரையின் மசூலாப் படகும், தென்னிலங்கையின் யாத்திரா தோணியும் தைத்த படகுகள்தான். நம் கலைச்சொல் நம் கடலின் படகுக்கு முதலில் பொருந்தவேண்டும்.

எனவே மூன்று அடுக்காக வைத்துக்கொள்ளலாம். விளிம்புக்கு ஏறுவிளிம்பு, முட்டுவிளிம்பு. பிணைப்புக்கு ஆணிக்கட்டு (தம்பியின் சொல் இங்கே சரியாக உட்காருகிறது), தையற்கட்டு. ஒழுங்குக்குப் பலகைமுதல், வங்குமுதல். ஸ்குல்டெலேவ் கப்பல் ஏறுவிளிம்பு, ஆணிக்கட்டு, பலகைமுதல். யோர்ட்ஸ்ப்ரிங்கில் நடுச்சொல் மட்டும் தையற்கட்டு என்று மாறும். மஸ்கட்டின் மணி முட்டுவிளிம்பு, தையற்கட்டு, பலகைமுதல். எந்தப் படகு வந்தாலும் இந்த மூன்றையும் கேட்டால் போதும்.

சொல் நீளுகிறது என்று டீச்சர் தனிமடலில் கவலைப்பட்டிருந்தார். விளக்கப் பலகையில் தலைப்பாக ‘ஏறுவிளிம்புக் கப்பல்’ என்று மட்டும் வரும், மற்ற இரண்டும் விளக்கத்தில் வரும். 1936இல் சென்னையில் கூடிய கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் நம் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள். அவர் மண்ணிலிருந்து எழுதுகிறவர்கள் கிளிங்கர் என்றே எழுதிவிட்டுப் போவது எனக்கு ஒப்பவில்லை. நோர்டிக் நாடுகள் இந்த ஏறுவிளிம்புப் படகு மரபை 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்துவிட்டன. ரொஸ்கில்டவில் இப்போதும் அருங்காட்சியகத்துக்குப் பக்கத்திலேயே பட்டறை நடக்கிறது. போகிறவர்கள் கோடரி வேலையைப் பார்க்கலாம், கோடையில் தண்டு வலித்தும் பார்க்கலாம். நம் வாவியில் பைபர் வள்ளங்கள் பெருகிவிட்டன. மரத்தோணியோடு அதன் சொற்களும் போய்விடுமுன் எழுதிவைக்க வேண்டும்.

ஒரு சொல் இன்னும் பாக்கி. உட்பக்கத்தில் ஆணி நுனியில் கோக்கும் அந்தச் சிறு இரும்புத் தகடு. ‘ஆணித்தகடு’ என்று தற்காலிகமாக எழுதியிருக்கிறேன், மனம் நிறையவில்லை. வாழைச்சேனை, பாலமீன்மடுப் பக்கம் மரவள்ளம் திருத்தும் ஓடாவியாரைத் தெரிந்தவர்கள், ஆணியை மடக்கும்போது அடியில் வைக்கும் தகட்டுக்கு அவர் வாயில் என்ன சொல் வருகிறது என்று கேட்டு எழுதுங்கள். அதுவரை அந்தப் பலகையை அச்சுக்குக் கொடுக்க மாட்டேன்.