வேட்பாளர் வீட்டில் ராணுவத்தார் இருந்தால் ஓட்டு விழுமா? ஹமீர்பூரும் கோட்துவாரும் காட்டுவது

இமாச்சலில் வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் அனுப்பும் தொகுதி என்று ஹமீர்பூரைச் சொல்வார்கள். 2014 மக்களவைத் தேர்தலில் அங்கே ஆம் ஆத்மி நிறுத்திய வேட்பாளர் கமல் காந்த் பத்ரா. கார்கிலில் 4875 முனையைப் பிடிக்கும்போது 1999 ஜூலை 7 அன்று உயிர்விட்டு, பரம் வீர் சக்ரா பெற்ற கேப்டன் விக்ரம் பத்ராவின் தாய். ராணுவக் குடும்பம் என்பதற்கு இதைவிடப் பெரிய அடையாளம் கிடையாது. ஆனாலும் டெபாசிட் போய்விட்டது. ஜெயித்தவர் பாஜகவின் அனுராக் தாக்கூர்.

இதை வைத்து மக்கள் நன்றி மறந்தார்கள் என்று எழுதினால் அது தவறு. அந்த அம்மாவை ஊரே கையெடுத்துக் கும்பிட்டது. ஆனால் கட்சிக்கு அங்கே பூத் அளவில் ஆள் பலம் இல்லை. அவர்கள் வீடு இருக்கும் பாலம்பூரும் காங்ரா தொகுதியில்தான் வருகிறது, ஹமீர்பூரில் இல்லை. மரியாதை ஒரு கணக்கு, ஓட்டு இன்னொரு கணக்கு. மலைக்காரர்கள் இரண்டையும் கலப்பதில்லை.

* * *

மேலே சொன்னதோடு உத்தராகண்டின் கண்டூரி குடும்பத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே பேர், மூன்று தேர்தல்.

அப்பா பி.சி. கண்டூரி ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல். 2012இல் முதல்வர் நாற்காலியில் இருந்தபடியே 'கண்டூரி ஹை ஜரூரி' (கண்டூரி அவசியம்) என்ற கோஷத்தோடு கோட்துவாரில் நின்று, காங்கிரஸின் சுரேந்திர சிங் நேகியிடம் ஐயாயிரத்துக்கும் குறைவான ஓட்டில் தோற்றார். அந்தத் தேர்தலில் காங்கிரஸுக்கு 32, பாஜகவுக்கு 31. அந்த ஒரு தொகுதி வித்தியாசத்தில் காங்கிரஸ் ஆட்சியில் உட்கார்ந்தது.

2019இல் மகன் மனீஷ் காங்கிரஸில் சேர்ந்து, அப்பா பலமுறை ஜெயித்த பௌடி கட்வால் மக்களவைத் தொகுதியில் நின்றார். நாடாளுமன்றத்தின் பாதுகாப்பு நிலைக்குழுத் தலைவர் பதவியிலிருந்து அப்பாவை நீக்கியதைக் காங்கிரஸ் மேடையில் பேசியது. பாகிஸ்தானின் பாலாகோட்டில் இந்திய விமானப்படை தாக்குதல் நடந்து சில வாரமே ஆன நேரம். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் தோல்வி. 2022இல் மகள் ரிது பாஜக சார்பில் அதே கோட்துவாரில், அதே நேகியைத் தோற்கடித்தார். பிறகு சபாநாயகரும் ஆனார்.

ராணுவக் குடும்பப் பேர் கட்சிக் காற்றுக்கு எதிராக வேலை செய்யாது, அந்தக் காற்றோடு சேர்ந்தால் கொஞ்சம் முன்னே தள்ளும். நெருக்கமான தொகுதியில் அந்தக் கொஞ்சமே போதும். ஆனால் அதையே முதலாக வைத்து இறங்கக் கூடாது. கீர்த்தி சக்ரா என்ற வீர விருது வாங்கிய கர்னல் அஜய் கோட்டியால், 2022இல் ஆம் ஆத்மியின் முதல்வர் வேட்பாளராகவே கங்கோத்ரியில் நின்றும் டெபாசிட் இழந்தார்.

* * *

பிரச்சாரம் செய்கிறவர்கள் கவனிக்க வேண்டிய சட்டம் ஒன்று. "என் அண்ணன் லடாக்கில் காவல் நிற்கிறான்" என்று வேட்பாளர் பேசுவது வேறு, பணியில் இருக்கும் அண்ணன் லீவில் வந்து ஓட்டுக் கேட்பது வேறு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(7)இன்படி படையினரின் உதவியை வெற்றிக்காகப் பெறுவது ஊழல் நடவடிக்கை. முடிவு வந்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மனு போட்டு நிரூபித்தால் வெற்றியே செல்லாது. ராணுவ விதி 20இன்படி அந்த அண்ணன் கட்சிக் கூட்டத்தில் கலந்துகொள்வதே குற்றம், சிவில் உடையில் வந்தாலும்.

போஸ்டர் விஷயத்திலும் இதே கண்டிப்பு வேண்டும். படைவீரர் படங்களைப் பிரச்சாரத்தில் போடக் கூடாது என்று தேர்தல் ஆணையம் 2013 டிசம்பரில் சொன்னது, 2019 மார்ச் 9 அன்று மறுபடியும் சொன்னது. சொந்தத் தம்பி படம்தானே என்று பிளெக்ஸ் அடித்தால், யாராவது தேர்தல் ஆணையத்தின் புகார் செயலியான சி-விஜிலில் போட்டோ எடுத்துப் போடுவார்கள், பறக்கும் படை வந்து கிழிக்கும். ஓய்வுபெற்றவரின் பேருக்குப் பக்கத்தில் பதவியைப் போட்டால் 'ஓய்வு' என்பதை மறைக்காமல் போடுங்கள்.

* * *

ராணுவக் குடும்பத்தில் யார் ஓட்டு எங்கே விழுகிறது என்று தெரியாமலே பலர் பேசுகிறார்கள். பணியில் இருப்பவர் சர்வீஸ் வாக்காளர், அதாவது நேரில் வராமல் ஓட்டுப் போடப் பதிந்தவர். அவரோடு தங்கியிருக்கும் மனைவியும் அப்படிப் பதியலாம் (2021 திருத்தத்துக்குப் பிறகு பெண் அதிகாரியின் கணவரும்). மகன், மகள், அப்பா, அம்மா எல்லாரும் ஊர்ப் பட்டியலில் சாதாரண வாக்காளர்கள்தான். ஆக ஒரு ஜவானைச் சுற்றியுள்ள ஓட்டுகளில் பெரும்பகுதி கிராமத்து மெஷினில் விழுகிறது. மலைத் தொகுதிகளில் பெண்களிடம் போய்ப் பேசாமல் ராணுவ ஓட்டு கிடைக்காது.

ஜவானின் சொந்த ஓட்டு மின்னணு வழியில் அனுப்பப்படும் தபால் வாக்கு. 2016இல் புதுச்சேரி நெல்லித்தோப்பு இடைத்தேர்தலில்தான் அது முதலில் நடைமுறைக்கு வந்தது. பிரிண்ட் எடுத்து, குறியிட்டு, உள் உறையில் வைத்து ஒட்டி, சான்றொப்பம் பெற்ற 13ஏ என்ற உறுதிமொழிப் படிவத்தோடு வெளி உறைக்குள் போட்டு அனுப்ப வேண்டும். எண்ணும் நாள் காலை 8 மணிக்குள் வந்து சேர வேண்டும். தள்ளுபடியாவது பெரும்பாலும் 13ஏ இல்லாததாலோ, கையெழுத்தோ சான்றொப்பமோ விட்டுப்போனதாலோ, அதை உள் உறைக்குள்ளேயே வைத்து ஒட்டிவிட்டதாலோதான். பனிமலையில் நிற்கிறவனின் ஓட்டு ஒரு கையெழுத்துக்காகக் குப்பைக்குப் போவது மனசை அறுக்கிற விஷயம். எண்ணும் முகவர்கள் தள்ளுபடிக் கட்டை கவனமாகப் பாருங்கள். வெற்றி வித்தியாசம் தள்ளுபடியான தபால் வாக்குகளைவிடக் குறைவாக இருந்தால் தள்ளுபடியான எல்லாவற்றையும் மறுபடி சரிபார்த்தே ஆக வேண்டும்.

தபாலுக்குப் பதிலாக ஊரிலேயே ஒருவரைப் பதிலாளாக நியமிக்கவும் வழி உண்டு, படிவம் 13எஃப். அவருக்கு மை வைப்பது இடது கை நடுவிரலில். இந்த வழியைப் பயன்படுத்துபவர்கள் ரொம்பக் குறைவு.

* * *

இந்த வீடுகளில் உட்கார்ந்து பேசினால் வேட்பாளரின் தாத்தா எந்த ரெஜிமென்ட் என்று முதல் ஐந்து நிமிடம்தான் கேட்பார்கள். அது கதவைத் திறக்கும். அடுத்தது ஒரே பதவி ஒரே ஓய்வூதியத்தில் பாக்கி, ராணுவ பென்ஷன் இணையதளமான ஸ்பர்ஷில் ஆயுள் சான்று ஏறாமல் நின்றுபோன பென்ஷன், முன்னாள் படைவீரர்களுக்கான இசிஹெச்எஸ் கிளினிக்கில் இல்லாத மருந்து. 2022 ஜூனிலிருந்து இன்னொன்றும் சேர்ந்தது: குறுகிய காலத்துக்கு ஆள் சேர்க்கும் அக்னிபத் திட்டம். நான்கு ஆண்டு, அதன்பின் 25 சதவீதம் பேர் வரைக்கும்தான் நிரந்தரம். மீதிப் பேர் கையில் சேவா நிதி என்ற மொத்தத் தொகை சுமார் 11.71 லட்சம் ரூபாய், பென்ஷன் கிடையாது. மூன்று தலைமுறையாக பென்ஷனில் நின்ற வீட்டில் நான்காவது தலைமுறைப் பையனுக்கு அது இல்லை என்றால், அந்த அம்மா வேட்பாளரின் அப்பாவுடைய மெடலைப் பார்த்து ஓட்டுப் போட மாட்டார். இதற்கு என்ன செய்வாய் என்று கேட்பார். அங்கே பதில் வைத்திருக்கிற வேட்பாளருக்குத்தான் குடும்பப் பேர் உதவும்.