1915 என்று அடித்திருந்தால் போதுமா? பழைய ராணுவக் கத்திகள்: பெங்களூரில் கண்ணில் பட்டவை

சிக்பேட்டையிலிருந்து:

ஞாயிற்றுக்கிழமை பி.வி.கே. ஐயங்கார் ரோட்டுப் பக்கம் விரிக்கும் பழைய சாமான் கடைகளில் ஒரு பயனெட் (துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி) திரும்பத் திரும்பக் கண்ணில் படும். 12 அங்குல அலகு, மரப்பிடி, கார்டில் (அலகுக்கும் பிடிக்கும் நடுவே உள்ள குறுக்கு இரும்பில்) துப்பாக்கி முனையில் மாட்டும் வளையம். அலகின் அடியில் கிரீடம், ஜி.ஆர். (ஜார்ஜ் மன்னரின் எழுத்து), 1907, அதன் கீழே 10 '15. "1907-ல செஞ்சது சார், அப்படியே ஒரிஜினல்" என்பார்கள்.

1907 என்பது மாடல் ஆண்டு மட்டுமே. 10 '15 என்றால் 1915 அக்டோபரில் செய்தது. அதுவரை சரி. ஆனால் அந்த மாடலின் அலகு 17 அங்குலம். கையில் இருப்பது 12 என்றால் மீதி 5 அங்குலம் எங்கே? இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தியாவில் பழைய 1907 அலகுகளை வெட்டிக் குட்டையாக்கினார்கள். அதற்கு நம்பர் 1 மார்க் 1 ஸ்டார் என்று பெயர். ஆக, பிறப்பு 1915, இப்போதைய உருவம் 1940-கள். இதை முதல் உலகப் போர் விலைக்கு வாங்கக் கூடாது. முத்திரையைக் கடைசியில் பாருங்கள், முதலில் அளவு நாடாவை எடுங்கள்.

ஃப்ரேசர் டவுனிலிருந்து:

வெட்டியதா என்று பார்க்க நாடாகூட வேண்டாம். அலகின் பக்கவாட்டில் ஓடும் பள்ளத்தைப் பாருங்கள். 17 அங்குல அலகில் அது நுனிக்குக் கொஞ்சம் முன்னாலேயே அழகாக வளைந்து முடிந்துவிடும். வெட்டியதில் நுனிவரை ஓடி, அப்படியே காற்றில் கரைந்துவிடும்.

பள்ளமே இல்லாத 12 அங்குல அலகு என்றால் அது வெட்டியதல்ல, குட்டையாகவே பிறந்தது: மார்க் 2. அதிலேயே முதுகில் நுனிப் பக்கம் கொஞ்ச தூரம் சாய்வாகத் தீட்டியிருந்தால் மார்க் 2 ஸ்டார். பிடியின் கடைசி முனை பறவை மூக்கு மாதிரி வளையாமல் சதுரமாக, கறுப்புப் பூச்சோடு, வேலைப்பாடு முரடாக இருந்தால் மார்க் 3. முத்திரை ஆர்.எஃப்.ஐ. என்றால் இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை. என்.டபிள்யூ.ஆர். என்று அடித்ததும் வரும். அது நார்த் வெஸ்டர்ன் ரயில்வே. ரயில் பட்டறையில் பயனெட் செய்திருக்கிறார்கள், அவ்வளவு அவசரம். இதைத் தெரியாமல் "போலி" என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. நமக்கு லாபம்.

சிவாஜி நகரிலிருந்து:

ஒரு சந்தேகம் அண்ணா. ராணுவத்துல வெட்டாம குஜ்ரி (பழைய சாமான்) கடைக்காரனே கிரைண்டர்ல வெட்டியிருந்தா?

ஃப்ரேசர் டவுனிலிருந்து:

நல்ல கேள்வி தம்பி. மூன்று இடம் பார்க்கணும். ஒன்று, நீளம். ஆயுதசாலையில் வெட்டியது கார்டிலிருந்து நுனிவரை 305 மில்லிமீட்டர் பக்கத்தில் நிற்கும். 280, 330 என்றால் யோசியுங்கள். இரண்டு, நுனி. பூதக்கண்ணாடியில் குறுக்கே புதுக்கீறல் தெரிகிறதா, நுனி மட்டும் வெள்ளையாகவும் மற்ற இடம் பழுப்பாகவும் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய வெட்டில் துருவும் கருமையும் நுனிவரை ஒரே சீராகப் படர்ந்திருக்கும். மூன்று, நீல நிறம். கிரைண்டர் சூட்டில் நுனி நீலமோ வைக்கோல் மஞ்சளோ அடித்தால் பதம் போய்விட்டது. அந்த நிறத்தை உப்புத்தாள் போட்டு அழித்துவிடுவார்கள். அழித்த திட்டு மட்டும் அளவுக்கு மீறிப் பளபளக்கும்.

உறையும் சாட்சி சொல்லும். வெட்டிய அலகுக்கு உறையையும் குட்டையாக்கி, கீழ் இரும்பு முனையைத் திரும்பப் பொருத்தியிருப்பார்கள். நீள உறையில் குட்டைக் கத்தி ஆடிக்கொண்டு வந்தால் கடையில் நடந்த கல்யாணம்.

சிக்பேட்டையிலிருந்து:

கொக்கியையும் சொல்லிவிடுகிறேன், பணம் அதிகம் போவது அங்கேதான். 1907 மாடலின் ஆரம்பகாலக் கார்டில் கீழ்ப்பக்கம் ஒரு கொக்கி வளைந்திருக்கும். 1913-ல் அதை எடுத்துவிட்டார்கள், புழக்கத்தில் இருந்த பல கத்திகளிலும் அறுத்தார்கள். அதனால் கொக்கியோடு இருப்பது அரிது, விலையும் பல மடங்கு. 10 '15 அடித்த அலகில் கொக்கி இருந்தால் பேரம் பேசாதீர்கள், நடையைக் கட்டுங்கள். 1911 அலகில் இருந்தால் கொக்கி முளைக்கும் மூட்டைப் பாருங்கள். ஒரே இரும்பில் அடித்ததில் கோடு இருக்காது. பற்றவைத்ததில் அந்த இடத்தில் ஒரு வளையமாக நிறம் மாறியிருக்கும். மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துச் சாய்வெளிச்சத்தில் திருப்பினால் தெரியும்.

பிடி முனையில் உள்ள துளை வேறு கதை. அழுக்கு வெளியே போக அந்தத் துளையை 1916-லிருந்து போட்டார்கள். 1912 அலகில் துளை இருந்தால் போலி அல்ல, பிறகு பழுது பார்த்தபோது போட்டது. கொக்கி இல்லை, துளை உண்டு, தேதி 1912 என்றால் நேர்மையான கத்தி, நிறைய உழைத்தது.

பெரிய அம்புக்குறி அரசு உடைமை. அதன் கீழே ஐ இருந்தால் இந்திய அரசு. எக்ஸ் குறி அலகை வளைத்துச் சோதித்ததற்கு. விற்பவர்கள் அதை "எதிரியைக் கொன்ற கணக்கு" என்று சொல்வது உண்டு!

அல்சூரிலிருந்து:

ஏரிக்கரையில் ராணுவப் பொறியாளர் படையான மதராஸ் சாப்பர்ஸின் மையம் இருப்பதால் இந்தப் பக்கம் எந்த இரும்பும் "ரிட்டயர்டு சுபேதார் வீட்டுச் சாமான்" ஆகிவிடும். கதைக்குக் காசு கொடுக்காதீர்கள்.

கூர்க்காக்களின் வளைந்த கத்தியான குக்ரிக்கு என் சோதனை, காம்பு, அதாவது பிடிக்குள் நீளும் அலகின் வால். குக்ரியின் மார்க் எண்கள் தனி வரிசை. மார்க் 1-ல் காம்பு பிடிக்குள் மறைந்து ஓடி, பின்முனையில் அடித்து இறுக்கப்பட்டிருக்கும். மார்க் 2-லும் மார்க் 3-லும் காம்பு பிடியின் முழு அகலத்துக்கும் தெரியும், இரு பக்கமும் மரத்துண்டு வைத்து ரிவெட். அலகில் மார்க் 2 என்று அடித்து, பிடியில் மறைந்த காம்பு என்றால் இரண்டில் ஒன்று பொய். சிங்கத்தலைப் பிடி, அலகெல்லாம் பூவேலை, ஆங்கிலத்தில் "இந்தியா" முத்திரை எல்லாம் சுற்றுலாக்காரர்களுக்குச் செய்தது. சுவரில் மாட்ட நன்றாயிருக்கும்.

விமானபுராவிலிருந்து:

அமெரிக்க ராணுவக் கத்தியான எம்-3 பற்றி யாரும் எழுதவில்லையே. 1943-லிருந்து இங்குள்ள ஹெச்ஏஎல் விமானத் தொழிற்சாலை அமெரிக்க விமானப்படையின் பழுதுபார்க்கும் தளமாக இருந்தது. அதனால் இந்த ஊரில் எம்-3 என்றாலே அங்கிருந்து வந்ததாகச் சொல்லி விற்பார்கள். அதை நிரூபிக்க வழியில்லை, கத்தியை மட்டும் பாருங்கள்.

அலகு 6¾ அங்குலம், பிடி தோல் வில்லைகளை அடுக்கிச் செய்தது. முதலில் செய்தவற்றில் எழுத்தும் 1943 என்ற ஆண்டும் அலகிலேயே இருக்கும். பிறகு ஆண்டை விட்டார்கள், கடைசியில் எழுத்தைக் கார்டுக்கு மாற்றினார்கள். அலகில் 1944 என்று அடித்திருந்தால் என்னால் நம்ப முடியாது. தோலுறை எம்-6, ஃபைபர் உறை எம்-8. பெல்ட்டில் மாட்டக் கம்பிக் கொக்கி இருந்தால் எம்-8 ஏ-1.

பிரிட்டிஷ் ஃபேர்பேர்ன்-சைக்ஸ் கமாண்டோ கத்தியில் மூன்றாம் மாடல்தான் அதிகம் கிடைக்கும்: பிடியில் வளையம் வளையமாக வரி. பிடியில் 1 முதல் 4 வரை ஓர் எண் வரும். வார்ப்பு அச்சின் எண் அது. "சீரியல் நம்பர் 2, ரொம்ப ஆரம்பத்துச் சரக்கு" என்றால் சிரித்துவிட்டு நகருங்கள்.

சிவாஜி நகரிலிருந்து:

வீட்டுல எப்படி வைக்கிறது? அம்மா தேங்காய் எண்ணெய் தடவச் சொல்றாங்க.

அல்சூரிலிருந்து:

வேண்டாம்பா, நாளாக நாளாகப் பிசுபிசுப்பாகி அழுக்கைப் பிடிக்கும். துப்பாக்கி எண்ணெயோ தையல் மிஷின் எண்ணெயோ துணியில் இரண்டு சொட்டு, அவ்வளவுதான். செந்துருவுக்கு நாலு சைபர் (மிக மெல்லிய ரக) ஸ்டீல் உல்லை எண்ணெயில் நனைத்து மெதுவாக. கருமையைத் தொடாதே, பளபளப்பாக்கினால் பாதி விலை போச்சு. மரப்பிடிக்கு ஆளி விதை எண்ணெய். தோலுறைக்குள் போட்டு வைக்காதே. மழைக்காலத்தில் தோல் ஈரத்தை இழுக்கும், பதனிட்ட அமிலம் இரும்பை அரிக்கும், பித்தளையில் பச்சைக் களிம்பு பூக்கும். கத்தி தனி, உறை தனி, நடுவே சிலிக்கா ஜெல்.

இன்னொன்று. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு ஆயுத விதிகளின் பட்டியலில் வரும். அரசு அறிவிக்கை உள்ள பகுதியில் உரிமம் வேண்டும். அதனால் பயனெட், குக்ரி வாங்கும் முன் ஸ்டேஷனில் கேட்டுக்கொள். பில் வாங்கு, துணியில் சுற்றிக் கட்டி எடுத்துப் போ, பையில் சும்மா போட்டுக்கொண்டு மெட்ரோவில் ஏறாதே. நூறு வருஷம் தாண்டியது தொல்பொருள் சட்டத்துக்குள் வரலாம், வெளிநாட்டில் இருக்கும் அண்ணனுக்குப் பார்சல் கட்டிவிடாதே.