கடையில ஒப்படைக்கிற காசும் நகையும்: அமானிதச் சட்டம் என்ன சொல்லுது?

சோனகதெருக் கடை:
அஸ்ஸலாமு அலைக்கும். கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போற ஆக்கள் காசு, நகையைக் கடையில தந்திட்டுப் போகினம். எங்கட ஆக்களும் இருக்கினம், அயல் சைவச் சனமும் இருக்கினம். மூண்டு விசயம் தெளிவாத் தெரியவேணும். அந்தக் காசைக் கல்லாவில போட்டுப் புழங்கிப்போட்டு, கேக்கேக்க அதே தொகையைக் குடுத்தால் சரியோ? களவு போனால் ஆர் பொறுப்பு? தந்தவர் மௌத்தானால் (செத்தால்) ஆரிட்டைக் குடுக்கிறது? எங்கட ஷாபிஈ மத்ஹப்படி (இஸ்லாமியச் சட்டவழிகளில ஒண்டு) தெரிஞ்சவை சொல்லுங்கோ.

கிதாபு மாணவன்:
வஅலைக்குமுஸ்ஸலாம். இந்த மூன்றுக்கும் முன்னால் ஒன்று இருக்கிறது: வாங்கலாமா என்பது. பாதுகாக்க இயலாதவர் அமானிதத்தை, அதாவது நம்பி ஒப்படைக்கும் பொருளை, ஏற்பது ஹராம் (தடை). இயலும், ஆனால் தன் கையிலேயே தனக்கு நம்பிக்கை இல்லை என்றால் மக்ரூஹ் (வெறுக்கத்தக்கது). இரண்டும் உண்டென்றால் ஸுன்னத் (விரும்பத்தக்கது). கடன்காரர் வாசலில் நிற்கும் காலத்தில் பிறர் நகையை வாங்கி வைப்பவர் தன்னைத்தானே சோதனைக்குள் தள்ளுகிறார். முகத்துக்கு அஞ்சாமல் மறுத்துவிட வேண்டும்.

கல்லா விஷயம்: கூடாது. ஒப்படைத்த காசைப் பிரித்தறிய முடியாதபடி சொந்தக் காசோடு கலந்த அந்த நிமிடமே நீங்கள் அமானிதக்காரர் இல்லை, ஈடு கட்டும் பொறுப்பாளி. எடுத்துச் செலவழித்துவிட்டு மறுநாள் திரும்ப வைத்தாலும் பழைய நிலை தானாக வராது. அதன் பிறகு கடை எரிந்தாலும், வெள்ளம் வந்தாலும் நீங்கள்தான் கட்ட வேண்டும். உரியவரிடம் சொல்லி, அவர் மறுபடி ஒப்படைத்தால்தான் அது மீண்டும் அமானிதம். பெருநாளுக்கு ஒரு தடவை கழுத்தில் போட்டுக் கழற்றிய நகைக்கும், அடகு வைத்து மீட்ட நகைக்கும் இதே சட்டம். மீட்டாயிற்றே என்று ஆறுதல் கொள்ள இடமில்லை.

அவரே "தேவையெண்டா எடுத்துப் பாவியுங்கோ" என்று சொன்னால் அது வேறு. எடுத்த தொகை கடன். பாவம் இல்லை, ஆனால் என்ன நடந்தாலும் முழுத்தொகையும் திருப்ப வேண்டும். இந்த ஒரு வசனத்தைச் சொன்னாரா, சொல்லவில்லையா என்பதில்தான் பாதிப் பிணக்குகள் வருகின்றன. ஆகவே அதையும் எழுத்தில் வாங்குங்கள்.

ஐந்துசந்தி:
களவு விசயத்துக்கு வாறன். அமானிதம் வைச்சிருக்கிறவர் அத்துமீறவும் இல்லை, கவனயீனமும் இல்லை எண்டால் ஈடு கட்டத் தேவையில்லை. களவு போனது எண்டு சத்தியம் பண்ணினால் அவற்ற சொல்லு ஏற்கப்படும். தீ, கொள்ளை மாதிரி ஊருக்கே தெரியவேண்டிய காரணத்தைச் சொன்னால் அப்பிடி ஒண்டு நடந்ததெண்டு தெரிஞ்சிருக்கவேணும். ஆருக்கும் தெரியாத தீயெண்டால் சாட்சி வேணும்.

ஆனால் "கவனயீனம்" எண்டதுக்குள்ள என்னென்ன அடங்குது எண்டு கனபேருக்குத் தெரியாது.

பூட்டுற அலுமாரி இருக்க நகையை லாச்சியில (இழுப்பறையில) போட்டால் கவனயீனம். "இந்தப் பெட்டியிலதான் வையுங்கோ" எண்டு தந்தவர் சொல்ல, அதைவிடக் காவல் குறைஞ்ச இடத்தில வைச்சுத் துலைஞ்சால் பொறுப்பு. அதே அளவு காவலான, இல்லாட்டில் கூடின காவலான இடமெண்டால் பொறுப்பில்லை. தந்தவரைக் கேளாமல் மனிசியிட்டையோ மகனிட்டையோ ஒப்படைச்சுத் துலைஞ்சாலும் பொறுப்பு. இதுதான் எங்கட பக்கம் அடிக்கடி நடக்கிற பிழை. வாங்கேக்கயே "வீட்டுக்காரியிட்டைக் குடுத்து வைக்கலாமோ" எண்டு கேட்டால் முடிஞ்சுது. கம்பளி உடுப்பை ஒப்படைச்சால் பூச்சி அரிக்காமல் காத்தாட விரிச்சு வைக்கிறது கூடக் கடமை எண்டு கிதாபுகளில (சட்ட நூல்களில) இருக்கு. பட்டுச்சீலை வாங்கி வைக்கிறவை இதை யோசிக்கவேணும்.

உரியவர் வந்து கேட்டால் காரணமில்லாமல் பிந்தக்கூடாது. தொழுகையில நிண்டால், சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அது முடியுமட்டும் பிந்தலாம். "நாளைக்கு வாங்கோ" எண்டு சும்மா அனுப்பி, அண்டிரவு களவு போனால் நீங்கள்தான் கட்டவேணும்.

கொட்டடி வாசகர்:
நான் சைவம், இடையில கேக்கிறன், குறை நினைக்காதேங்கோ. 1990 ஒக்டோபரில முஸ்லிம் சனம் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்ட நேரம், அயல் வீட்டில ஒப்படைச்ச பித்தளைச் சாமானோ காணி உறுதியோ இப்பவும் கிடந்தால் என்ன செய்யிறது? உரியவர் புத்தளத்தில செத்திருந்தால்? அவற்ற ஒரு மகன் வந்து கேட்டால் குடுக்கலாமோ?

கிதாபு மாணவன்:
குறை நினைக்க எதுவுமில்லை, கேட்டது மிக நல்லது. அமானிதத்தில் மதம் பார்ப்பதில்லை. 622 இல் நபி (ஸல்) மக்காவைவிட்டு மதீனா புறப்பட்டபோது, அவர்களிடம் மக்காவாசிகள் ஒப்படைத்த பொருட்கள் இருந்தன. அந்த ஊர்த் தலைவர்கள்தான் அவர்களைக் கொல்லத் திட்டமிட்டார்கள். இருந்தும் அலீ (ரழி) பின்னால் தங்கி, எல்லாவற்றையும் உரியவர்களிடம் சேர்த்த பிறகே புறப்பட்டார்கள். "அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு அல்லாஹ் உங்களுக்குக் கட்டளையிடுகிறான்" என்ற குர்ஆன் 4:58 வசனத்திலும் இன்ன மதத்தவர் என்ற நிபந்தனை இல்லை.

உரியவர் இறந்த கணத்தில் ஒப்பந்தம் முடிந்துவிடும். அவர் வந்து கேட்கட்டும் என்று காத்திருந்ததுபோல இனி இருக்க முடியாது. வாரிசுகளுக்கு அறிவித்து ஒப்படைக்க வேண்டும். எல்லா வாரிசுகளுக்கும். மனைவி, பெண்பிள்ளைகள் எல்லோருக்கும் பங்குண்டு. முழுவதையும் ஒரு மகனிடம் கொடுத்துவிட்டு, மற்றவர்கள் பிறகு கேட்டால் அவர்களுடைய பங்குக்குக் கொடுத்தவர் பொறுப்பு. மற்றவர்கள் ஒப்பமிட்ட சம்மதக் கடிதம் இருந்தால் அவரிடமே கொடுக்கலாம். கொடுத்ததற்குச் சாட்சியும் தேவை, ஏனென்றால் ஒப்படைத்தவரிடமே திருப்பிக் கொடுத்தேன் என்றால் சத்தியத்தோடு ஏற்பார்கள், வாரிசிடம் கொடுத்தேன் என்றால் ஆதாரம் கேட்பார்கள். ஆளைத் தேட, புத்தளத்திலுள்ள பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கு எழுதலாம். பொருளின் விபரத்தை முழுதாகச் சொல்லாமல் பெயரையும் தெருவையும் மட்டும் சொல்லி விசாரியுங்கள். மிச்ச அடையாளத்தை வருகிறவர் சொல்லட்டும்.

ஐந்துசந்தி:
கடைக்காரத் தம்பிக்கு ஒண்டு. ஒரு கொப்பி போடுங்கோ. தேதி, தந்தவற்ற பேர், அவர் இல்லாட்டில் ஆரோடை கதைக்கிறது, நகையெண்டால் பவுண் கணக்கு மட்டுமில்லை, தராசில நிறுத்த கிராம், தாலிக்கொடியோ காப்போ எண்டது, உடைவு இருந்தால் அதுவும். ரெண்டு பிரதி, ரெண்டு சாட்சி. காசைத் தனிப் பையில கட்டி, பேரெழுதி, அதே தாள்களாகவே வையுங்கோ. கொப்பி எங்கை இருக்கெண்டு வஸிய்யத்தில (மரண சாசனத்தில) எழுதுங்கோ. கடும் நோயில கிடக்கிறவர் அமானிதத்தைத் திருப்பியும் குடாமல், வஸிய்யத்தும் செய்யாமல் மௌத்தானால், அது அவற்ற சொத்திலயிருந்து அறவிடப்படும். பிள்ளையளின்ர தலையிலதான் விழும்.

சோனகதெருக் கடை:
ஜஸாக்கல்லாஹு கைரா. அந்தக் காசுக்கு ஸகாத் (கட்டாயத் தருமம்) நான் குடுக்கவேணுமோ?

கிதாபு மாணவன்:
இல்லை, ஸகாத் உரியவர் மேல். அவர் சொல்லாமல் அதிலிருந்து எடுத்துக் கொடுத்தால், அதுவும் அமானிதத்தில் கை வைத்த கணக்குத்தான்.