கியோட்டோ கோயில்களுக்குத் தனியாகப் போகிறேன், சில சந்தேகங்கள்

அனைவருக்கும் வணக்கம். நவம்பர் கடைசியில் ஜப்பான் பயணம். கூட யாரும் இல்லை. டோக்கியோவுக்கு இந்த முறை ஒரு கும்பிடு. கியோட்டோ, நாரா, பௌத்த மடங்கள் நிறைந்த கோயாசான் மலை மட்டும்தான்.

கியோட்டோவில் பல கோயில்களை மாலை ஐந்து மணிக்குள் சாத்திவிடுகிறார்கள். அதனால் காலை 6 மணிக்கே திறக்கும் கியோமிசுதேராவில் தொடங்கி, எந்நேரமும் திறந்திருக்கும் ஃபுஷிமி இனாரி ஆலயத்தை இரவுக்கு வைத்திருக்கிறேன். பெண் தனியாக அங்கே மலைமேல் செல்லும் சிவப்புத் தோரண வாயில் வரிசைக்குள் இருட்டில் மலையேறலாமா? போனவர்கள் சொல்லுங்கள்.

நடுவில் சஞ்சுசாங்கென்தோ. கருணையின் போதிசத்துவரான கன்னோனின் 1001 சிலைகள் நிற்கும் நீண்ட மண்டபம். காவல் தெய்வங்களில் நம் கருடனும் உண்டு. அலகு முகத்தோடு புல்லாங்குழல் ஊதுகிறார்! உள்ளே படம் எடுக்கத் தடையாம், நல்லதுதான். இதற்கு அரை நாள் போதுமா?

பெரிய கவலை சாப்பாடு. நான் சுத்த சைவம். கோயாசானில் மடத்து விடுதிகளில் சைவ உணவே தருவார்கள், ஆனால் ஒற்றை ஆளுக்கு அறை தருகிறார்களா? கியோட்டோ கடைகளில் சூப்பில் மீன் சாறு இருக்கிறதா என்று எப்படிக் கேட்பது? ஜப்பானிய மொழியில் எழுதிய அட்டை யாரிடமாவது இருந்தால் பகிருங்கள்.

இன்னொன்று: கோயில்களில் தூரிகையால் எழுதி, சிவப்பு முத்திரை பதித்துத் தரும் கோஷுயின் வாங்க ஆசை. பௌத்தக் கோயிலுக்கும் ஜப்பானின் பூர்வீக மதமான ஷிண்டோவின் ஆலயத்துக்கும் ஒரே நோட்டு போதுமா, இரண்டு வேண்டுமா?