திருச்சி டு திப்ரூகர்: வீட்டு வாசலிலிருந்து வாசலுக்கு எத்தனை மணி நேரம்?

திருவாரூர்க்காரர்:
அக்கா வீட்டுக்காரருக்குக் காரைக்கால் ஓஎன்ஜிசியிலிருந்து அசாமில் சிவசாகருக்கு மாற்றல். போன மார்கழியில் அக்காவின் பேறுகாலத்துக்கு அம்மாவைக் கூட்டிப்போகும் பொறுப்பு எனக்கு. சிவசாகர் போக நாங்கள் இறங்க வேண்டிய விமான நிலையம் அசாமின் திப்ரூகர். திருச்சி விமான நிலையத்துக்கும் திப்ரூகருக்கும் நேர்கோட்டில் சுமார் 2,500 கிலோமீட்டர். ஒரே மூச்சாகப் பறந்தால் மூன்றரை மணி நேரம் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தேன். ஆனால் நேரடி விமானம் கிடையாது. சென்னையிலும் கொல்கத்தாவிலும் மாற வேண்டும்.

இரண்டுமே போகிற திசையில்தான் இருக்கின்றன, அதனால் தூரம் பெரிதாகக் கூடவில்லை. வானத்தில் இருந்தது மொத்தம் ஐந்து மணி நேரம்தான். மிச்சமெல்லாம் தரையில் போனது.

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடிவிடுமோ என்ற பயத்தில் ராத்திரி இரண்டு மணிக்கே கார் எடுத்தோம். கேட் திறந்திருந்தது, விமானம்தான் ஒன்றரை மணி நேரம் தாமதம். காசு குறைகிறதே என்று மூன்று டிக்கெட்டையும் தனித்தனியாக எடுத்திருந்தேன். சென்னையில் இறங்கியபோது கொல்கத்தா விமானம் போயே போய்விட்டது. ஒரே பதிவில் எடுத்திருந்தால் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. தனித்தனியாக எடுத்ததால் எங்கள் கைக்காசு போனது. கொல்கத்தா போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். அதற்குமேல் திப்ரூகருக்கு விமானம் இல்லை. பிரசவ லேகியம் வைத்த பையை மடியிலிருந்து இறக்காமல் அம்மா நாற்காலியிலேயே ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தார். அதை நினைத்தால் இப்போதும் மனசு கேட்கவில்லை.

மறுநாள் திப்ரூகரில் இறங்கி, சிவசாகருக்குக் காரில் இன்னும் 80 கிலோமீட்டருக்கு மேல். நாலரைக்கெல்லாம் சூரியன் மறைந்து இருட்ட ஆரம்பித்துவிட்டது. கடிகாரம் ஒன்றுதான், ஆனால் அங்கே சூரியன் நமக்கு ஒரு மணி நேரம் முந்தி. குளிர்காலத்தில் சூரியன் மறைவது அதைவிடவும் முந்தி. அக்கா வீட்டுப் படி ஏறியபோது கணக்குப் பார்த்தேன். 39 மணி நேரம்.

கும்பகோணத்துக்காரர்:
நாங்கள் சேலம் போய் விவேக் எக்ஸ்பிரஸில் ஏறினோம். கன்னியாகுமரியிலிருந்து திப்ரூகர் வரை 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிற வண்டி. சேலத்திலிருந்தே அறுபது மணி நேரம் ஆகும். புளியோதரை இரண்டாம் நாள் வரை தாங்கியது. மாறுகிற வேலை இல்லை என்பதால் வயதானவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

தஞ்சாவூர்க்காரர்:
முடியாதவர்களை அறுபது மணி நேரம் ரயிலில் உட்கார வைப்பது சரியாக வராது, அண்ணா. அவசரத்துக்கும் ஆகாது. அப்பா தவறிய செய்தி எனக்குத் திப்ரூகரில் சாயங்காலம் ஆறு மணிக்கு வந்தது. காலையில்தான் விமானம். ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். மறுநாள் திருச்சியில் இறங்கி வல்லம் தாண்டும்போதே பொழுது சாய ஆரம்பித்துவிட்டது. நான் முகம் பார்த்த பிறகுதான் எடுத்தார்கள். பங்காளிகள் யாரும் அவசரப்படுத்தவில்லை. அதற்கு நான் என்றைக்கும் கடன்பட்டவன்.

திருவாரூர்க்காரர்:
படித்ததும் கண் கலங்கிவிட்டது, அண்ணா. நாங்கள் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அம்மா இன்னும் அங்கேதான். மாசிக் கடைசியில் திரும்பக் கூட்டி வர வேண்டும். இந்த முறை ஒரே பதிவு, கொல்கத்தாவில் நான்கு மணி நேர இடைவெளி, சென்னையில் சித்தி வீட்டில் ஒரு ராத்திரி.